க்ராஷுக்கு முந்தைய கடைசி மில்லிவினாடிகள்: பிராசசரின் கட்டளைத் தடத்தை வைத்துக் காரணம் கண்டுபிடிப்பது எப்படி

ஒரு நிரல் விழுந்துவிட்டது. கோர் டம்பை (விழுந்த நொடியில் நிரலின் மெமரி நகல்) திறந்து பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்து இங்கே வந்தது என்ற பட்டியல்) கேட்டால் இரண்டே வரி வருகிறது, இரண்டிலும் கேள்விக்குறிகள். அடுத்து இயங்க வேண்டிய கட்டளையின் முகவரி, எந்த பைனரியிலும் இல்லாத ஓர் எண். ஃபங்ஷன்கள் திரும்பும் முகவரிகளை வைக்கும் ஸ்டேக் முழுக்கக் குப்பை. வழக்கமாக இந்த நேரத்தில் என்ன செய்வோம்? அங்கங்கே லாக் வரிகளை (நிலவரத்தை எழுதிவைக்கும் வரிகள்) சேர்த்துவிட்டு மறுபடி விழும்வரை காத்திருப்போம். லாக் சேர்த்ததாலேயே நேரக்கணக்கு மாறி, பிழை ஒளிந்துகொள்வதும் உண்டு.

கோர் டம்ப் காட்டுவது விழுந்த இடத்தை. எந்த வழியாக அங்கே வந்தது என்பதை ஸ்டேக்கை வைத்துத்தான் டீபக்கர் கணக்கிடுகிறது. ஸ்டேக்கே கெட்டுப்போனால் அந்தக் கணக்கும் போயிற்று. கட்டளைத் தடம் அப்படியல்ல. எந்தக் கிளையில் (வழி பிரியும் கட்டளையில்) எந்தப் பக்கம் திரும்பினோம் என்பதை பிராசசரே ஓட ஓடத் தனியாக எழுதி வைக்கிறது. நிரல் தன் ஸ்டேக்கை எவ்வளவு நாசமாக்கினாலும் அந்தப் பதிவைத் தொட முடியாது.

இந்த வழிகாட்டி பெரும்பாலும் லினக்ஸில் இன்டெல் பிராசசர் ட்ரேஸைப் பற்றியது. இதைச் சுருக்கமாக ‘பிடி’ (PT) என்பார்கள். முதலில் சாதாரண நிரல் விழுவதையும், அப்புறம் இயங்குதளத்தின் மையமான கர்னலே விழுவதையும் பார்ப்போம். கட்டளை வரிகளை எழுத்தெழுத்தாகத் தராமல், ஒவ்வொரு ஆப்ஷனும் என்ன செய்கிறது, ஏன் வேண்டும் என்று சொல்கிறேன். சரியான எழுத்து வடிவம், லினக்ஸின் அளவீட்டுக் கருவியான பெர்ஃபின் மேனுவல் பக்கத்தில் கிடைக்கும்.

தடத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை

பிடி ஒவ்வொரு கட்டளையையும் எழுதுவதில்லை. அப்படி எழுதினால் எந்த மெமரியும் தாங்காது. பைனரியைப் பார்த்தாலே தெரியக்கூடியதை அது விட்டுவிடுகிறது. நேரடியாக ஓரிடத்துக்குத் தாவும் கட்டளைக்கும், ஃபங்ஷனை நேரடியாக அழைக்கும் கால் கட்டளைக்கும் எந்தப் பதிவும் கிடையாது. நிபந்தனைக் கிளைக்கு ஒரே ஒரு பிட்: தாவியதா, தாவவில்லையா. இப்படி ஆறு கிளைகள் வரை ஒரு பைட்டுக்குள் அடங்கிவிடும். ஃபங்ஷன் பாயிண்டர் வழியாகப் போகும் தாவலுக்கு மட்டும் போய்ச் சேர்ந்த முகவரி எழுதப்படும். ரிட்டர்ன் கட்டளை, தன்னை அழைத்த காலுக்கு அடுத்த இடத்துக்கே ஒழுங்காகத் திரும்பினால் அதற்கும் ஒரு பிட்தான். வேறெங்காவது போனால் முழு முகவரியும் பதிவாகும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் இது நமக்குப் பெரிய உதவி செய்யப்போகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, ஓடிய அதே பைனரி கையில் இல்லாவிட்டால் தடம் வெறும் பிட்டுகளின் குவியல்தான். இரண்டு, தடத்தில் மதிப்புகள் எதுவும் இல்லை. ஒரு மாறியில் 5 இருந்ததா 500 இருந்ததா என்று அது சொல்லாது. போன பாதை மட்டுமே தெரியும். ஆனால் பாதையை வைத்து மதிப்பை எவ்வளவு தூரம் பிடித்துவிட முடியும் என்பது, கொஞ்சம் பழகிய பிறகுதான் புரியும்.

இயந்திரத்தில் வசதி இருக்கிறதா

பிடி முதலில் வந்தது ப்ராட்வெல் தலைமுறையில். அதில் நேரப் பதிவு போதாது, முகவரி வடிகட்டியும் இல்லை. ஸ்கைலேக்கிலிருந்துதான் நிம்மதியாகப் பயன்படுத்தலாம். லினக்ஸ் கர்னலில் ஆதரவு 2015இல், 4.1 பதிப்பில் வந்தது. ப்ராக் கோப்பகத்தின் சிபியூ-இன்ஃபோ கோப்பில், ஃப்ளாக்ஸ் வரியில் இன்டெல்-பிடி என்று இருக்கிறதா பாருங்கள். அதோடு சிஸ் கோப்பகத்தில் ஈவென்ட்-சோர்ஸ் டிவைஸ்களின் கீழ் அதே பெயரில் ஒரு கோப்பகம் இருக்க வேண்டும். முதலாவது இருந்து இரண்டாவது இல்லையென்றால் கர்னல் அதை இயக்கவில்லை என்று பொருள். மெய்நிகர் இயந்திரங்களில் பெரும்பாலும் இரண்டுமே இருக்காது. அங்கே மல்லுக்கட்ட வேண்டாம், நேரடி வன்பொருளில் பிழையை வரவழைக்கப் பாருங்கள்.

பதிவு செய்வது

பிடி ஒரு கோருக்கு வினாடிக்கு நூற்றுக்கணக்கான மெகாபைட் எழுதும். முழுவதையும் டிஸ்க்கில் சேமிப்பதென்றால் தரவு தொலையும், டிஸ்க்கும் நிறையும். விழப்போகும் நிரலுக்கு முழுப் பதிவு தேவையும் இல்லை, கடைசிப் பகுதி போதும். அதனால் ஸ்னாப்ஷாட் முறை. பஃபர் (தடத்தை வைக்கும் மெமரிப் பகுதி) வட்டமாகச் சுழலும், பழையதின் மேல் புதியது எழுதப்படும், நாம் கேட்கும்போது மட்டும் உள்ளே இருப்பது கோப்புக்குப் போகும்.

பெர்ஃபின் ரெக்கார்ட் கட்டளையில் ஈவென்ட்டாக இன்டெல்-பிடியைக் கொடுத்து, பயனர் பகுதிக்கு மட்டும் என்று யூ சேர்த்து, பெரிய எஸ் ஆப்ஷனோடு சின்ன ஈ எழுத்தையும் ஒட்டி எழுதுங்கள். அந்த ஈ எழுத்து முக்கியம். நிரல் முடியும்போது கட்டாயம் ஒரு ஸ்னாப்ஷாட் எடு என்பதுதான் அதன் பொருள். அது இல்லாமல் மூன்று மணி நேரம் காத்திருந்து, நிரல் விழுந்தபின் காலிக் கோப்பைப் பார்த்தால் மனம் உடைந்துவிடும்.

நிரல் விழாமல் தொங்கி நிற்கிறதா? பெர்ஃப் ப்ராசஸுக்கு யூசர்-2 சிக்னலை அனுப்புங்கள், அந்த நொடியின் ஸ்னாப்ஷாட் கிடைக்கும்.

பஃபர் அளவு பற்றி ஒரு கணக்கு. ரூட் உரிமையோடு ஓட்டினால் இயல்பு அளவு 4 மெகாபைட், சாதாரணப் பயனருக்கு 128 கிலோபைட். வினாடிக்கு 400 மெகாபைட் எழுதுகிறது என்று வைத்துக்கொண்டால், 4 மெகாபைட்டில் அடங்குவது 10 மில்லிவினாடி. மனிதக் கண்ணுக்கு அது ஒன்றுமில்லை, பிராசசருக்கோ கோடிக்கணக்கான கட்டளைகள். பாயிண்டர் கெட்ட சிறிது நேரத்திலேயே விழுகிற பிழைகளுக்கு இது தாராளம். கெட்ட பின் நெடுநேரம் கழித்து விழுவதாகத் தோன்றினால் 64 மெகாபைட்டாக்குங்கள். சின்ன எம் ஆப்ஷனில், எண்ணுக்கு முன்னால் ஒரு காற்புள்ளி வேண்டும். காற்புள்ளியை விட்டுவிட்டால் நீங்கள் பெரிதாக்குவது வேறொரு பஃபரை, தடத்தின் பஃபரை அல்ல. இந்த ஒரு குறியால் வீணாகும் நேரத்துக்கு அளவில்லை.

நிரலின் எந்தப் பகுதி என்று ஓரளவு தெரிந்தால் முகவரி வடிகட்டியால் அந்த ஃபங்ஷனை மட்டும் பதியலாம். அதே பஃபரில் நீண்ட காலம் அடங்கும். ஆனால் முதல் முறையிலேயே இதைச் செய்யாதீர்கள். காரணம் எங்கே என்று தெரியாத நிலையில் வடிகட்டினால், காரணத்தையே வடிகட்டிவிட வாய்ப்புண்டு.

டிகோட் செய்வது

பதிவு செய்வது வேகமானது; அதை பைனரியோடு பொருத்திக் கட்டளைகளாக மாற்றும் டிகோட் மெதுவானது. பதிவான நேரத்தைப் போல நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு கூட ஆகலாம். ஆகவே எடுத்த எடுப்பிலேயே கட்டளை வாரியாகக் கேட்காதீர்கள். பெர்ஃப் ஸ்க்ரிப்டில் முதலில் கால்-ட்ரேஸ் ஆப்ஷனைக் கொடுங்கள், எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்பது உள்தள்ளலோடு வரும். சந்தேகப் பகுதி தெரிந்ததும், அந்த நேர இடைவெளியை மட்டும் குறிப்பிட்டு இன்சன்-ட்ரேஸ் ஆப்ஷனோடு மறுபடி ஓட்டுங்கள். கட்டளைகள் அசெம்பிளி வடிவில் வர, எக்ஸெட் என்னும் டிஸ்அசெம்ப்ளரும் நிறுவப்பட்டிருக்க வேண்டும்.

நடுவில் பிழை வரிகள் வரும். ஓவர்ஃப்ளோ என்று வந்தால், பிராசசருக்குள்ளேயே எழுதும் வேகம் போதாமல் ஒரு துண்டு தொலைந்தது என்று பொருள். அந்த இடைவெளியைத் தாண்டி எதையும் முடிவுகட்ட வேண்டாம். கட்டளையை எடுக்க முடியவில்லை என்று வந்தால், அந்த முகவரிக்குரிய கோட் டிகோடரிடம் இல்லை. ஓடும்போதே கோட் உருவாக்கும் ஜிட் கம்பைலர் இருந்தால் இது சகஜம். தடத்தின் கடைசி வரியில் இந்தப் பிழை வந்தால் அது வேறு கதை: நிரல் இல்லாத இடத்துக்குத் தாவியிருக்கலாம். அதுவே உங்கள் முதல் தடயம்.

கீழிருந்து மேலாகப் படிப்பது

லட்சக்கணக்கான வரிகளை மேலிருந்து படிக்கத் தொடங்குவது எல்லோரும் செய்யும் தவறு. கடைசி வரியில் தொடங்குங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வி: இங்கே வந்திருக்க வேண்டுமா? வரக்கூடாதென்றால், இங்கே கொண்டுவந்த கிளை எது? இப்படி மேலே ஏறிக்கொண்டே போனால், பாதை சரியாக இருந்த கடைசி இடம் வரும். தேடுவது அதைத்தான்.

ஓர் உதாரணம். வலையில் வரும் பாக்கெட்டுகளைப் படிக்கும் நிரல். ஸ்டேக் காவல் (திரும்பும் முகவரி அழிவதைக் கண்டுபிடிக்கும் சோதனை) இல்லாமல் கம்பைல் செய்யப்பட்டது. முதல் பைட், பின்வரும் தரவின் நீளம். தரவைப் போட ஸ்டேக்கில் 64 பைட் இடம். நீளம் 64-க்கு மேல் என்றால் பாக்கெட்டை நிராகரிக்கும் சோதனை இருக்கிறது. நிரல் எப்போதாவது விழுகிறது, கோர் டம்பில் பேக்ட்ரேஸ் இல்லை.

தடத்தின் கடைசி வரி ஒரு ரிட்டர்ன். போய்ச் சேர்ந்த முகவரி எந்தப் பகுதியிலும் இல்லை. முன்பு சொன்னது நினைவிருக்கிறதா? ஒழுங்காகத் திரும்பாத ரிட்டர்னுக்கு முழு முகவரி பதிவாகும். எந்த ஃபங்ஷனின் ரிட்டர்ன் என்றும் தெரிகிறது: பாக்கெட் தலைப்பைப் படிக்கும் ஃபங்ஷன். கோர் டம்ப் சொல்லாத பெயர், நாம் படித்த முதல் வரியிலேயே கிடைத்துவிட்டது.

அந்த ஃபங்ஷனின் திரும்பும் முகவரியை யார் அழித்தது? மேலே பார்த்தால் அது அழைத்தது ஒன்றே ஒன்றைத்தான், மெமரியை நகலெடுக்கும் மெம்காப்பி. இன்னும் மேலே, நீளச் சோதனையின் கிளை. தாவவில்லை. அதாவது நீளம் 64-க்குள் என்று சோதனை ஏற்றுக்கொண்டது. சோதனை சரியென்றால் 64 பைட்டுக்குள் நகலெடுத்த மெம்காப்பி எப்படி ஸ்டேக்கைக் கெடுத்தது?

இங்கேதான் மெம்காப்பிக்குள் போய்ப் பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் லைப்ரரி ஃபங்ஷன் என்று அதைத் தாண்டிவிடுவார்கள். லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியின் மெம்காப்பி, 32 பைட் வெக்டர் ரிஜிஸ்டர்களைப் பயன்படுத்தும் வடிவில், நீளத்தைப் பொறுத்து வெவ்வேறு பாதைகளில் போகும். 64 வரை சில பாதைகள், 65 முதல் 128 வரை ஒன்று, 129 முதல் 256 வரை இன்னொன்று. நம் தடத்தில் போயிருப்பது 129 முதல் 256 வரைக்கான பாதை. மதிப்பு பதிவாகவில்லை, ஆனால் பாதை அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஆக, ஒரே நீளம் சோதனையில் 64-க்குள்ளும் நகலில் 128-க்கு மேலும் இருந்திருக்கிறது. ஒரே பைட்டை இரு இடங்களில் இரு விதமாகப் படித்தால்தான் இது சாத்தியம். சோதனையின் கிளைக் கட்டளையைப் பாருங்கள்: ஜேஜி, அதாவது குறியுள்ள (மைனஸும் வரக்கூடிய) எண்களுக்கான ஒப்பீடு. இங்கே குறியில்லா எண்களுக்கான ஜேஏ இருந்திருக்க வேண்டும். 200 என்ற நீளம், குறியுள்ள ஒரு பைட்டாகப் படித்தால் மைனஸ் 56. அது 64-ஐ விடச் சிறியதுதான், சோதனை கடந்துவிட்டது. நகலெடுக்கும்போது அதே பைட் 200 ஆகிவிட்டது. சோர்ஸில் மாற்ற வேண்டியது ஒரே ஒரு வகைப் பெயர்.

இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஊகம் ஒன்றும் இல்லை, ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து வருகிறது. தடம் மதிப்பைச் சொல்லாது என்று ஒதுக்கிவிடுபவர்கள் இந்த இன்பத்தை இழக்கிறார்கள்.

கிளை தப்பானது என்று உறுதியாகச் சொல்ல முடியாத சிக்கலான கோட் என்றால், விழாத ஓட்டம் ஒன்றின் தடத்தையும் எடுத்து, முகவரி நேர விவரங்களை நீக்கிவிட்டு, ஃபங்ஷன் பெயர்களை மட்டும் ஒப்பிடுங்கள். முதல் வேறுபாடு எங்கே வருகிறதோ அங்கே கட்டளை அளவில் இறங்குங்கள். பல த்ரெட்டுகள் உள்ள நிரலில் ஒரு எச்சரிக்கை: கோர்களுக்கிடையே எது முந்தியது என்பதை நேரக்குறியை வைத்து ஓரளவுக்குத்தான் சொல்லலாம். இரண்டு நேரக்குறிகளுக்கு நடுவே உள்ள கட்டளைகளின் நேரம் டிகோடரின் மதிப்பீடு மட்டுமே.

சட்டென்று வரவழைக்கக்கூடிய சின்னப் பிழையென்றால் ஜிடிபி டீபக்கரே போதும். நிரலைத் தொடங்கி, ரெக்கார்ட் பிடிரேஸ் பிடி என்று சொல்லி ஓடவிடுங்கள். விழுந்ததும் ரிவர்ஸ்-ஸ்டெப்பை கொண்டு பின்னோக்கி நடக்கலாம். ஜிடிபியின் இயல்பு பஃபர் 16 கிலோபைட்தான், முதலிலேயே பெரிதாக்குங்கள். பின்னோக்கிப் போகும்போது மாறிகளைப் பார்க்க முயன்றால் மறுத்துவிடும், மதிப்புகள் பதிவாகவில்லை என்பதே காரணம்.

கர்னலே விழுந்தால்

இங்கே வேலை கூடுதல், பலனும் கூடுதல். கர்னல் செத்தபின் பெர்ஃபால் கோப்பு எழுத முடியாது. ஆனால் தடம் இருக்கும் பஃபர் கர்னல் ஒதுக்கிய மெமரி. கர்னல் விழுந்ததும் மெமரி நகல் எடுக்கும் கேடம்ப் வசதி மூலம் மெமரியைச் சேமித்தால், தடமும் அதோடு சேர்ந்து வந்துவிடும்.

முதலில் தடமே இல்லாமல் கேடம்பைச் சரிசெய்யுங்கள். பூட் வரியில் க்ராஷ்கர்னல் அளவுருவால் இடம் ஒதுக்கி, சேவையை இயக்கி, சிஸ்ரிக்கில் (கர்னலுக்கு நேரடிக் கட்டளை தரும் வசதி) சி கொடுத்து வேண்டுமென்றே விழச்செய்து, விஎம்கோர் கோப்பு (அந்த மெமரி நகல்) வருகிறதா பாருங்கள். இந்த ஒத்திகையைத் தவிர்த்தவர்கள், உண்மையான க்ராஷ் வந்த அன்று கையைப் பிசைந்து நிற்பார்கள்.

அடுத்து, பேனிக்-ஆன்-ஊப்ஸ் அமைப்பை 1 ஆக்குங்கள்: ஊப்ஸ் என்னும் கர்னல் பிழை வந்ததுமே பேனிக், அதாவது கர்னல் முழுவதுமாக நின்றுவிடும். ஏன்? ஊப்ஸ் வந்த பிறகும் கர்னல் பல நேரம் தொடர்ந்து ஓடும். பஃபரில் இருப்பது சில மில்லிவினாடிகள். ஊப்ஸுக்குப் பின் இயந்திரம் ஒரு வினாடி ஓடினாலே நமக்கு வேண்டிய தடம் முழுவதும் அழிந்துவிடும்.

இப்போது ரூட்டாக பெர்ஃப் ரெக்கார்டை எல்லா கோர்களுக்கும், கே சேர்த்துக் கர்னல் பகுதிக்கு மட்டும், ஸ்னாப்ஷாட் முறையில் ஓடவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். 64 கோர்களுக்குத் தலா 4 மெகாபைட் என்றால் 256 மெகாபைட் மெமரி. பிழைச் செய்தியை அச்சிடும் கர்னல் கோடும் தடத்தில் ஏறும் என்பதால், மெமரி இருந்தால் பஃபரை 4-லிருந்து 16 ஆக்குவது நல்லது. வேகம் எவ்வளவு குறையும் என்பது வேலையைப் பொறுத்தது. கிளைகள் மிகுந்த கோட் அதிகம் பாதிக்கப்படும். உங்கள் சுமையில் அளந்து பார்த்துவிட்டே உற்பத்திச் சூழலில் போடுங்கள்.

பேனிக் வந்ததும் கர்னல் மற்ற கோர்களுக்குத் தடுக்க முடியாத இன்டரப்ட் அனுப்பி அவற்றை நிறுத்துகிறது. அந்த வழியிலேயே பிடியையும் அணைத்துவிடும்படி எக்ஸ்86 கர்னலில் ஏற்பாடு இருக்கிறது. இல்லாவிட்டால் டம்ப் எடுக்கும் நேரத்திலேயே தடம் தன்மேல் தானே எழுதிக்கொண்டிருக்கும்.

விஎம்கோர் கிடைத்ததும் க்ராஷ் கருவியில் திறக்க வேண்டும். அதற்குப் பிடிடம்ப் என்ற எக்ஸ்டென்ஷன் உண்டு, கோர் வாரியாகத் தடத்தை வெளியே எடுத்துத் தரும். லிப்ஐபிடி லைப்ரரியோடு வரும் கருவி ஒன்றுக்கும் பிடிடம்ப் என்றே பெயர், ஆனால் அதன் வேலை வேறு: எடுத்த தடத்தின் பதிவுத் துண்டுகளை (இவற்றுக்கும் பாக்கெட் என்றே பெயர்) காட்டும். அதே லைப்ரரியின் பிடிஎக்ஸெட், கட்டளைகளாக மாற்றித் தரும். எக்ஸ்டென்ஷன் உங்கள் கர்னல் பதிப்போடு ஒத்துப்போகிறதா என்பதை ஒத்திகையிலேயே சோதித்துவிடுங்கள்.

டிகோட் செய்யும்போது டிஸ்க்கில் உள்ள கர்னல் பைனரியைக் கொடுத்தால் தடம் பாதியில் முறியும். கர்னல் பூட் ஆகும்போதும் ஓடும்போதும் தன் கட்டளைகளைத் தானே மாற்றிக்கொள்கிறது. பிராசசருக்கேற்ற மாற்றுக் கட்டளைகள், எஃப்ட்ரேஸ் (கர்னல் ஃபங்ஷன்களைக் கண்காணிக்கும் வசதி) இடங்கள், ஓடும்போதே மாற்றப்படும் ஸ்டாட்டிக் கீ தாவல்கள் எல்லாம் அப்படித்தான். முகவரிகளும் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் இடம் மாறும். ஆகவே கர்னல் கோடை விஎம்கோரிலிருந்தே எடுங்கள். விழாத இயந்திரத்தில் எடுக்கும் கர்னல் தடத்துக்கு பெர்ஃபின் கேகோர் ஆப்ஷன் இதே வேலையைச் செய்யும்.

தொங்கி நிற்கும் கர்னலுக்கு இந்த முறை பாதிதான் உதவும். ஒரு கோர் விடாமல் கர்னலுக்குள்ளேயே சுற்றும் சாஃப்ட் லாக்கப்பைக் கர்னல் கண்டுபிடிக்க இயல்பாக 20 வினாடி ஆகும், தொங்கிய டாஸ்க்கைக் கண்டுபிடிக்க 120 வினாடி. அதற்குள் சாஃப்ட் லாக்கப்பின் தடத்தில் மிஞ்சியிருப்பது சுற்றிக்கொண்டிருக்கும் லூப் மட்டும். எங்கே சுற்றுகிறது என்பது தெரியும்; ஒரு பூட்டுக்காக (லாக்) காத்திருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு விடாதது யார் என்பதை விஎம்கோரில்தான் தேட வேண்டும். ட்ரிப்பிள் ஃபால்ட்டில் (பிழையைக் கையாளும்போதே அடுத்தடுத்துப் பிழை) இயந்திரம் சட்டென்று ரீசெட் ஆனால் கேடம்பே ஓடாது, தடமும் கிடைக்காது. அங்கே ஜேடேக் போன்ற வன்பொருள் டீபக்கர்தான் வழி.

பிடி இல்லாத இயந்திரங்கள்

ஏஎம்டியில் இதற்கு நிகரான முழுத் தடம் இல்லை. ஜென் 4-லிருந்து கடைசி 16 கிளைகளைப் பதியும் வசதி இருக்கிறது. குறைவுதான், ஆனால் மேலே சொன்ன ரிட்டர்ன் வகைப் பிழையில் கடைசி ஒரு கிளையே பாதி வேலையை முடித்துவிடும். ஆர்மில் கோர்சைட் குடும்பத்தின் இடிஎம் என்னும் தட வசதி உண்டு. பெர்ஃப் அதையும் பதியும், டிகோடுக்கு ஓப்பன்சிஎஸ்டி லைப்ரரி வேண்டும். படிக்கும் முறை ஒன்றே, சிப்பைத் தயாரித்தவர் அதை இணைத்து வைத்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

கட்டி வைப்பது

தடக் கோப்பை மட்டும் எடுத்து வைக்காதீர்கள். நிரலை மறுபடி கம்பைல் செய்த நொடியிலேயே, அல்லது ஜிலிப்சி அப்டேட் ஆன நொடியிலேயே, அந்தத் தடத்தைப் படிக்கும் வழி அடைபடலாம். க்ராஷ் நடந்த இயந்திரத்திலேயே பெர்ஃப் ஆர்க்கைவ் கட்டளையை ஓட்டினால், தடத்தில் வரும் பைனரிகளை பில்ட் ஐடியோடு (பைனரியின் அடையாள எண்) சேர்த்து ஒரே கட்டாகத் தரும். அதோடு டீபக் தகவல் கோப்புகள், கோர் டம்ப் அல்லது விஎம்கோர், பதிவு செய்த முழுக் கட்டளை வரி ஆகிய மூன்றையும் ஒரே கோப்பகத்தில் போட்டு, அன்றைய தேதியைப் பெயராக வையுங்கள். இன்னொரு இயந்திரத்துக்கு நகலெடுத்து அங்கே ஒருமுறை டிகோட் செய்து பாருங்கள். அங்கே கடைசி வரியில் அதே ரிட்டர்ன் வந்தால், மூல இயந்திரத்தை அப்டேட் செய்யலாம்.